மிதந்ததெல்லாம் பதர்

அம்சத்துக்கும் ராமாயிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். அண்ணன் ரெத்தினத்தைக் கட்டியவள் அம்சம், தம்பி மருதையனைக் கட்டியவள் ராமாயி. இரண்டு கூரைக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி. முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. பேசவில்லை என்றால் திட்டிக்கொள்ளவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ராமாயி தன் பசுவைப் பார்த்துத் திட்டுவாள். அம்சம் வேலியில் உட்கார்ந்த காக்கையைப் பார்த்துத் திட்டுவாள். யாருக்கு எது போய்ச் சேர வேண்டுமோ அது பிசகாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

கூலி கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த வருஷம், அம்சம் மட்டும் பண்ணை வீட்டுக்குப் போய் விதைநெல் தெரிந்து, பதரை நீக்கிப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். "நா நடவுக்கா போனேன், அறுப்புக்கா போனேன்? வெதை கெட்டுப் போனா மறு வருஷம் எதைத் திங்கிறது?" என்பது அவள் கட்சி. அடி பம்பில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நாலு பேர் காதில் விழ, ராமாயி அவளைப் 'பண்ணைக்காரி' என்று சொல்லிவிட்டாள். தெருவுக்கு வேறு வேலை? அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, விதை விஷயத்தில் அம்சத்தின் கை கைதான். உப்பைக் கரைத்து, கோழிமுட்டை நாலணா அகலத்துக்குத் தலைகாட்டும் பதம் பார்த்து, நெல்லைக் கொட்டி, மிதந்ததை வழித்து எறிந்து, அடியில் தங்கியதை அலசி முளைகட்டிக் கொடுத்தாள் என்றால் அந்த நாற்றங்காலில் ஒரு திட்டு வெறுமை இருக்காது. பெரிய பண்ணை சந்தானகிருஷ்ணன் குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டவர். அங்கிருந்தே, "அம்சம் தெரிஞ்ச வெதைதானே?" என்று ஆள் விட்டுக் கேட்பாராம். அதைச் சொல்லும்போது அம்சத்தின் கழுத்து தானாக ஒரு அங்குலம் நிமிரும்.

இப்போது மேலத்திடல் கதைக்கு வருவோம். ஊருக்கு மேற்கே, சுற்றிலும் வயலாக இருக்க, நடுவில் தண்ணீர் ஏறாத மேடாக அந்தத் திடல் கிடந்தது. தெரு மாடுகள் அத்தனையும் அங்கேதான் மேயும். பண்ணை ஏஜெண்டு வேம்பு ஒரு கோடையில் ஆள் விட்டு மேட்டை வெட்டிச் சமன் பண்ணி, வாய்க்காலில் மடை வைத்து நெல்லை நட்டுவிட்டான். பழக்கதோஷத்தில் அங்கே போன மாடுகளைப் பிடித்துக்கொண்டு போய், அபராதம் கட்டி மீட்கும்படி மாட்டுப் பவுண்டில் அடைத்தான். கழகத்து ஆட்சி வந்து, உழுகிறவனுக்கு நிலம் என்று சுவருக்குச் சுவர் எழுதியாகிவிட்டது. எழுத்து சுவரில் இருந்தது, நிலம் பண்ணையிடம் இருந்தது. மறு வருஷம் கோடையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு திடலில் இறங்கினார்கள். பண்ணை ஆட்கள் கம்போடு வந்தார்கள். மண்டை இரண்டு பக்கமும் உடைந்தது. ஜெயிலுக்குப் போனது மட்டும் ஒரு பக்கம்.

ரெத்தினமும் மருதையனும் திருச்சி ஜெயிலில் கிடந்தார்கள். அத்துமீறி நுழைந்தது, கலகம் பண்ணியது என்று கேஸ். அது ஊர்ப் பொதுத் திடல்தான் என்று முடிவாகிவிட்டால் கேஸ் நிற்காது, இரண்டு பேரும் வெளியே வந்துவிடலாம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையின் நஞ்சை என்று முடிவானால் அவ்வளவுதான், வருஷக்கணக்கில் உள்ளே. அதைப் பார்த்து எழுத மழை விட்டதும் கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனர் வருவார். அதுவரை அந்த மண்ணில் யாரும் உழக் கூடாது, விதைக்கக் கூடாது, தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவு.

சங்கத்துச் சாமிதுரை ஒரு காலை நேரத்தில் கொடிக்கம்பத்தடியில் தெருவைக் கூட்டினார்.

"வக்கீலு தெளிவாச் சொல்லிட்டாரு. கமிஷனரு வந்து நிக்கிறப்ப அது திடலாத் தெரியணும். வெறும் நெல்லுத் தாளும் வெடிச்ச மண்ணுமாக் கெடந்தா, வயலுன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பாரு. முன்ன அங்க என்னா புல்லு இருந்துச்சோ, அந்தப் புல்லு நிக்கணும்."

"வெதைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே அண்ணே?" என்றாள் ஒருத்தி.

"புல்ல எவன் வெதைக்கிறான்? மழை பேஞ்சா மொளைக்குது. நாம ஒண்ணும் பண்ணல. வெளங்குதா?"

எல்லோருக்கும் விளங்கியது. ராமாயி எழுந்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தத் திடலில் மாடு ஓட்டியவள்.

"கொழுக்கட்டைப் புல்லு, ஊசிப்புல்லு, ஓரத்துல அருகு. இதான் அங்க இருந்தது. இப்ப ஊருல எங்கயும் கெடையாது. சுடுகாட்டு மேட்டுல இருக்கு, ரயிலு ரோட்டுச் சரிவுல இருக்கு. கோடை மழைக்கு வந்தது இப்பதான் முத்தி நிக்குது. காத்து அடிச்சுக்கிட்டுப் போறதுக்குள்ள பறிச்சாவணும்."

"புல்லு ஒனக்குத் தெரியும், சரி. வெதைய யாரு பாக்குறது?" என்று கேட்டார் சாமிதுரை. கூட்டம் அம்சத்தைப் பார்த்தது.

அம்சத்துக்கு உள்ளே குளிர்ந்தது. பண்ணைக்காரி என்று பேர் வைத்த தெரு இது. இப்போது பண்ணைக்கு எதிராக அவள் கைதான் வேண்டும் என்கிறது. புருஷன் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அவள் பண்ணை வாசல் மிதிக்கவில்லை. அப்படியும் அடி பம்பில் அவள் குடத்துக்கு இடம் விடுகிறவர்கள் குறைவு. இதைச் செய்து காட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

"நா பாத்துக்கிறேன் அண்ணே" என்றாள்.

ஆடிக் காற்றில் பெண்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கூத்தைப் பாருங்கள், பிறந்ததிலிருந்து குனிந்து குனிந்து களை பறித்த கைகள், இப்போது புல்லுக்கு விதை சேர்க்கப் போகின்றன. "புள்ளைவோ கேட்டா சிரிக்கும்டி" என்று அவர்களே சிரித்துக்கொண்டார்கள். கொழுக்கட்டைப் புல் கதிர் பஞ்சுபோல வந்தது. உருவினால் பாதி கையில், பாதி காற்றில். ஊசிப்புல் சேலைக்குள் நுழைந்து தொடையில் குத்தியது. நாளெல்லாம் பறித்தும் சாக்கு நிரம்பின பாடில்லை. பழைய சோறும் கருவாடும் தின்றுவிட்டு, திரும்பி வருகிற வழியில் வாய்க்கால் கரையில் எது கனமாகக் கதிர் சாய்ந்து நின்றதோ அதையும் உருவிப் போட்டுச் சாக்கை நிரப்பினார்கள். குதிரைவாலி, கோரை, எல்லாம் புல்தானே என்று நினைத்தார்கள்.

சாக்குகள் அம்சத்தின் வாசலுக்கு வந்தன. அவள் உள்ளே கையை விட்டு அள்ளிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதென்னாடி, முச்சூடும் தூசியும் பஞ்சுமால்ல இருக்கு. தூத்தணும். அப்பறம் உப்புத் தண்ணில போட்டு எடுக்கணும்."

வேலிக்கு அந்தப் பக்கம் ராமாயி பசுவைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கேட்டுக்க லச்சுமி" என்று பசுவிடம் ஆரம்பித்தாள். "புல்லு வெதையத் தூத்துறாளுவளாம். பறக்குறதுதான்டி புல்லுக்கு வெதை. பறந்து போயி விழுந்து மொளைக்கிற சாதி அது. அப்படியே அள்ளித் தூவி, மேல ஒரு முள்ளுக்கொத்த இழுத்துவுட்டா முடிஞ்சுது. தண்ணியே காட்டக் கூடாது. காஞ்ச மேட்டுல வயக்களை வராது, திடப்புல்லுதான் எந்திரிக்கும். இதைப் போயி சில பேரு உப்புல ஊறுகா போடப் போறாளுவ."

"ஏ காக்கா" என்றாள் அம்சம், "பறக்குறது பதருன்னு பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும். மாட்டு மூத்தரத்த மோந்துக்கிட்டுத் திரியிற கழுதைக்கு வெதையப் பத்தி என்னா தெரியும்?"

நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் நெல்லுக்காரிகள். பறப்பது பதர், கனப்பது விதை என்பது அவர்களுக்குச் சோறு போட்ட பாடம். ஒருத்தியாவது ராமாயி பக்கம் பேசவில்லை.

மறுநாள் பெரிய தவலையில் உப்பைக் கரைத்து, முட்டை போட்டுப் பதம் பார்த்து, அம்சம் விதையைக் கொட்டினாள். கொழுக்கட்டைப் புல் அத்தனையும் மேலே வந்து நுரைபோல நின்றது. ஊசிப்புல்லும் மிதந்தது. அடியில் ஒரு படி அளவுக்குக் கறுப்பும் பழுப்புமாகச் சின்ன மணிகள் தங்கின.

அம்சம் ஒரு நிமிஷம் நின்றாள். இவ்வளவுமா பதர்? மிதந்ததில் ஒன்றை எடுத்து, பஞ்சைப் பிய்த்து, முன்பல்லால் கடித்துப் பார்த்தாள். உள்ளே துளியூண்டு ஏதோ நெறுக்கென்றது. அரிசி இருக்கிறதோ? கை தயங்கியது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ராமாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அம்சம் இன்னொன்றைக் கடித்துப் பார்த்திருப்பாள், அப்புறம் யாரையாவது கேட்டும் இருப்பாள். இவள் சிரித்த பிறகு கேட்பதாவது! முறத்தால் மிதந்ததை எல்லாம் வழித்து, வேலிக்கு மேலேயே பார்த்துக்கொண்டு, எருக்குழியில் கொட்டினாள்.

அடியில் தங்கியதை அலசிக் காயவைத்து எடுத்து வைத்தாள். ஆவணிக் கடைசியில் அதை நனைத்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டுக் கல் ஏற்றினாள். வெள்ளையாக முளை விட்டது. புரட்டாசி தொடக்கத்தில் ஒரு நாள், ஏஜெண்டு வேம்பு சாப்பிட்டுவிட்டுக் களத்து மேட்டுக் கொட்டகையில் குறட்டை விடும் உச்சிப் பொழுதில், நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள். மண் காய்ந்து கிடந்தது. முளைகட்டிய விதையைக் காய்ந்த மண்ணில் போடுவதாவது? அவள் கால் தானாக மடைப் பக்கம் போய், அடைத்திருந்த மண்ணை எட்டி உதைத்தது. தண்ணீர் சலசலவென்று ஏறியது. மிதித்துச் சேறாக்கி, கை வீசி விதைத்தாள். என்ன வீச்சு! வரப்பிலிருந்து வரப்புக்கு ஒரே சீராக விழுந்தது. மடையை மறுபடி அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நண்டுக்குழம்பு வைத்துச் சாப்பிட்டாள்.

பச்சை பிடித்தது பாருங்கள், தெருவே திடலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடி பம்பில் அம்சத்தின் குடத்துக்கு இடம் விட்டார்கள். "அக்கா கைய வச்சா வெளங்காம போவுமா?" என்றார்கள். ஆனால் நாளாக ஆக அம்சம் திடல் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஆயுசு முழுக்கக் களை பறித்தவளுக்குத் தெரியாமல் போகுமா? தண்டின் அடியில் வயல் களைக்கே உள்ள அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரிந்தது. கொழுக்கட்டைப் புல்லும் இளசில் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐப்பசி மழையோடு கதிர் வெளியே வந்ததும் அந்த ஏமாற்றும் முடிந்தது. மேலத்திடல் முழுக்கக் குதிரைவாலி, இடையில் கோரை. ஒரு கொழுக்கட்டைப் புல் கிடையாது. பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்த களையை அவளே உப்பில் போட்டுப் பொறுக்கி, முளைகட்டி, சேறடித்து விதைத்திருக்கிறாள்.

சாமிதுரை வந்து ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தார். "என்னா அம்சம் இது? பண்ணை ஆளு விட்டுப் பண்ணிருந்தாக்கூட இப்படி வயலாக் காட்ட முடியாது. புடுங்கிறலாமா?"

பிடுங்கவும் வழியில்லை. பச்சையைப் பார்த்த வேம்புவுக்குக் கொண்டாட்டம். யார் செய்த புண்ணியமோ என்று நினைத்தான். யார் செய்தது என்று ஊகமும் இருந்தது, தூங்கிப்போனதால் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு ஆளைக் கம்போடு திடல் கரையில் காவல் போட்டுவிட்டான். எவளாவது ஒரு புல்லைப் பிடுங்கினால் கோர்ட் உத்தரவை மீறியதாகப் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தான்.

அந்த மாசம் ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போனவர்களிடம் ரெத்தினம் சொல்லிவிட்டிருந்தான்: "அம்சம் வெதச்சிருக்கான்னு கேட்டதுமே எனக்குத் தெம்பு வந்துருச்சு. கமிஷனரு வர்றதுதான் பாக்கி." அம்சம் அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ராமாயி பசுவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆச்சரியமாக, ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மௌனம்தான் அம்சத்தை அறுத்தது.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்ட காலையில் கமிஷனர் வந்தார். இளவட்ட வக்கீல், கறுப்புக் கோட்டு, முழங்கால் வரை மடித்துவிட்ட கால்சட்டை. வேம்பு குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். தெரு முழுக்க ஒரு பக்கக் கரையில் நின்றது.

வேம்பு இறங்கி ஒரு கதிரைப் பறித்து நீட்டினான். "பாருங்க சார். குதிரைவாலி. சேறும் தண்ணியும் இல்லாத எடத்துல இது வராது. இந்தா, கோரை. இதெல்லாம் நெல்லு வயலுக்குன்னே பொறந்த களை. திடலாம், மாடு மேஞ்சுதாம்! மேயிற புல்லு ஒண்ணு காட்டச் சொல்லுங்க பாப்பம்."

கமிஷனர் பார்த்தார். குனிந்து மண்ணைத் தொட்டார். "தண்ணி விட்டு சேறடிச்ச மாதிரி இருக்கே. விடக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு, தெரியுமில்ல? யார் விட்டது?"

"வேற யாரு சார், இவங்கதான்" என்றான் வேம்பு.

சாமிதுரை வாயைத் திறந்து மூடினார். இல்லை என்றால் களை தானாக வந்தது, இது வயல்தான் என்று ஆகிவிடும், ஆமாம் என்றால் உத்தரவை மீறியதாக ஆகிவிடும். நான்தான் பண்ணினேன் என்று ஓடிப்போய் அவர் காலில் விழுந்துவிடலாமா என்று அம்சத்துக்குத் தோன்றியது. விழுந்தால் ரெத்தினமும் மருதையனும் வெளியே வந்துவிடுவார்களா என்ன?

ராமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள். காட்டிக் கொடுக்கப் போகிறாள், இத்தனை வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தாள்.

"ஐயா, நா ஒண்ணு கேக்கலாங்களா? எம் புருஷன் ஜெயில்ல கெடக்குறாரு. இது திடலுன்னு ஆனாத்தான் அவரு வெளிய வருவாரு. அப்பேர்ப்பட்ட எடத்துல நாங்களே தண்ணியக் கட்டி, நாங்களே சேறடிச்சு, நாங்களே வயக்களைய வளப்பமாங்க? எங்க குடிய நாங்களே கெடுத்துக்க எங்களுக்கு என்னா பைத்தியமா?"

கமிஷனர் அவளைப் பார்த்தார்.

"இது வயலாத் தெரியணும்னு யாருக்கு ஆசையோ அவங்க செஞ்ச வேலைங்க. அது மட்டுமா? நாங்க புடுங்கிப்புடக் கூடாதுன்னு காவல் வேற போட்டு வளத்தாங்க. அந்தா நிக்கிறானுவ பாருங்க, கம்போட."

கம்பு வைத்திருந்த இரண்டு பேரும் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"களைக்குக் காவல் போட்டீங்களா?" என்று வேம்புவைக் கேட்டார் கமிஷனர்.

"போட்டோம் சார், ஆனா அது எதுக்குன்னா... ஐயோ, பொய்யி சார்! சத்தியமா நாங்க வெதைக்கல சார்!" வேம்பு தலையில் அடித்துக்கொண்டான். பாவம், ஆயுசிலேயே முதல்முறையாக நிஜம் பேசுகிறான், நம்ப ஆளில்லை. அவன் கண் கரையில் அலைந்து அம்சத்தின்மேல் விழுந்தது. "சார், இவளைக் கேளுங்க! அம்சம். எங்க பண்ணைக்கே வெதை தெரிஞ்சு கொடுத்தவ. இந்தத் தாலூகாவுல இவளாட்டம் வெதை தெரிஞ்சவ கெடையாது. வெதை விஷயத்துல இவ வாயில பொய் வராது. சொல்லு அம்சம், நீதானே இதை வெதச்ச?"

கமிஷனர் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இது தானா முளைச்சதா, விதைச்சதா?"

கோட்டுப் போட்ட ஒருத்தர் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. பண்ணை ஏஜெண்டு ஊர் முன்னால் அவள் கையைப் புகழ்ந்ததும் அதுதான் முதல் தடவை. இரண்டும் இந்த நேரத்திலா வர வேண்டும்? அவள் ராமாயியைப் பார்த்தாள். ராமாயியும் நேருக்கு நேர் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை. சொல்லுடி, சொல்லித் தொலை என்றிருந்தது.

"வெதச்சதுதாங்க" என்றாள் அம்சம். "தானா மொளைச்சா அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரும். இது ஒரே சீரா வந்துருக்கு. மொளைகட்டி, சேத்துல வெதச்சிருக்கு."

"யார் விதைச்சிருப்பாங்க?"

"அதை எப்படிங்க சொல்றது." அம்சம் அந்தக் குதிரைவாலிக் கதிரைப் பார்த்தாள். "ஆனா வெதையப் பத்தி ஒரு எழவும் தெரியாதவ... தெரியாதவங்க செஞ்ச வேலைங்க. திடலுக்கு எது வெதை, எது பதருன்னு தெரியல. நெல்லுக்குப் பண்றதையே புல்லுக்கும் பண்ணிருக்கு அந்த முண்டம். தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. திமிரு."

கரையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்கதான்னு ஏஜெண்ட் சொல்றாரே?"

"நானாங்க?" அம்சம் வேம்புவின் முகத்தைப் பார்த்தாள். "ஏஜெண்டய்யாவே சொன்னாருல்ல, தாலூகாவுல என்னாட்டம் வெதை தெரிஞ்சவ இல்லேன்னு. நா செஞ்சா இப்படியா இருக்கும்? பண்ணையிலதான் செஞ்சிருக்கணும். நா நின்னதுலேருந்து அங்க வெதை பாக்க சரியான ஆளு கெடையாது."

வேம்புவுக்கு வாய் கோணிக்கொண்டது. கமிஷனர் எழுதினார். இடத்தைச் சுற்றி வந்து, வெட்டிச் சமன் பண்ணிய மேட்டின் தடத்தைப் பார்த்து அதையும் எழுதினார். காவல் போட்டதைப் பற்றி வேம்புவிடம் இன்னொரு முறை கேட்டு, அவன் உளறியதையும் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் மறைந்ததும் தெரு கொண்டாடியது. சாமிதுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொழச்சோம்! புள்ளைவோ ரெண்டும் வெளிய வந்த மாதிரிதான். ஏ அம்சம், எங்கேருந்து வந்துச்சு ஒனக்கு இப்படிப் பேச? பொய்ய என்னமா நெசமாட்டம் சொன்னே!"

அம்சம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ரெத்தினம் வந்துவிடுவான், அது போதும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. சொந்த வாயால் சொந்தக் கையை வெட்டிப் போட்டாகிவிட்டது. புருஷனைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இப்படி ஒரு அழுகை முட்டவில்லை.

ராமாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொய்யா?" என்றாள். சாமிதுரையிடம் சொல்லவில்லை, அம்சத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இவ சொன்னதுல பொய்யி எங்க இருக்கு? அந்தப் பண்ணைங்கிற ஒரு வார்த்தையத் தவுர எல்லாம் நெசந்தான்."

அம்சம் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நெசந்தான்."